எழுத்தர்களை நம்பிய அரசன்

நேயர்களுக்கு வணக்கம்.

சிசிலித் தீவின் பலெர்மோ நகர ஆவணக் காப்பகத்தில் ஒரு பழைய காகிதம் இருக்கிறது. 1109-ஆம் ஆண்டு எழுதப்பட்டது. ஐரோப்பாவில் தேதியோடு கிடைத்திருக்கும் காகித ஆவணங்களில் இதுதான் மிகப் பழையது என்பார்கள். விஷயம் சாதாரணமானதுதான்: ஒரு கிறிஸ்தவ மடத்துக்கு யாரும் தொந்தரவு கொடுக்கக்கூடாது, பாதுகாப்புக் கொடுங்கள் என்று உள்ளூர் அதிகாரிகளுக்குப் போன உத்தரவு. ஆனால் அது கிரேக்கத்திலும் அரபியிலும் இருக்கிறது. அதைப் பிறப்பித்த அடெலாசியா வடக்கு இத்தாலிக்காரர். அவருடைய கணவர் முதலாம் ரோஜர், பிரான்சின் நார்மண்டியிலிருந்து பிழைப்புத் தேடி வந்த போர்வீரர். இரண்டு மொழியுமே அந்தக் குடும்பத்தின் தாய்மொழி இல்லை. அப்போது அடெலாசியாவின் மகனுக்கு 13 வயது. அந்தப் பையன்தான் பின்னாளில் சிசிலியின் முதல் அரசரான இரண்டாம் ரோஜர். இன்று அவரைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

கொஞ்சம் முன்கதை. சிசிலி முதலில் கிழக்கு ரோமப் பேரரசிடம் இருந்தது. அப்புறம் இருநூறு வருடங்களுக்கு மேல் அரபு முஸ்லிம்களிடம். நார்மன்கள் 1072-இல் பலெர்மோவைப் பிடித்தார்கள். தீவு முழுவதும் கைக்கு வர 1091 ஆகிவிட்டது. ஜெயித்தவர்கள் கொஞ்சம் பேர். தோற்றவர்களோ ஊர் ஊராக இருந்தார்கள். எந்த நிலம் யாருடையது, எந்த ஊர் எவ்வளவு வரி கட்டுகிறது என்பதெல்லாம் அரபி ஏடுகளில் இருந்தது. வாள் வைத்திருந்தவர்களுக்கு அதைப் படிக்கத் தெரியாது. ரோஜர் ஆட்சியைப் புரிந்துகொள்ள இது ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

1101-இல் தந்தை இறந்தார், 1105-இல் அண்ணன் சைமனும் போய்விட்டான். தாய் அடெலாசியாதான் கிரேக்க, அரபு அதிகாரிகளைக் கூட வைத்துக்கொண்டு ஆட்சியைக் காப்பாற்றி, 1112-இல் மகனிடம் ஒப்படைத்தார். அதன்பின் அந்த அம்மாளுக்கு நடந்ததைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1113-இல் ஜெருசலேம் அரசர் முதலாம் பால்ட்வின் அவரை மணந்தார். பால்ட்வினுக்கு ஏற்கெனவே மனைவி உயிரோடு இருந்தாள். அவருக்குத் தேவைப்பட்டது சீதனம். பணம் தீர்ந்தபின், இந்தத் திருமணம் செல்லாது என்று 1117-இல் அடெலாசியாவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுவருடமே அவர் இறந்தார். மகன் அதை மறக்கவில்லை. பின்னாளில் மத்தியதரைக் கடலின் பெரிய கப்பற்படைகளுள் ஒன்று ரோஜரிடம் இருந்தது. ஆனால் ஜெருசலேமுக்கு அதனால் ஒரு நன்மையும் கிடைக்கவில்லை.

ரோஜர் அரசரானது ஒரு சந்தர்ப்பத்தைப் பயன்படுத்தித்தான். 1130-இல் ரோமில் ஒரே நேரத்தில் இரண்டு போப்புகள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். இரண்டாம் இன்னசென்ட் பக்கம் ஐரோப்பாவின் பெரும்பகுதி நின்றது. இன்னொருவரான அனக்லேட்டஸ் ஆதரவுக்கு அலைந்துகொண்டிருந்தார். ரோஜர் அவரை ஆதரித்தார், பதிலுக்கு அரச பட்டம் கேட்டு வாங்கினார். அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் பலெர்மோவில் முடிசூட்டு விழா நடந்தது.

அதன்பின் பத்து வருடம் தென் இத்தாலி முழுக்கச் சண்டை. ரோஜர் நல்ல தளபதி அல்ல. 1132-இல் நோச்சேராவிலும் 1137-இல் ரிஞ்ஞானோவிலும் நேருக்கு நேர் மோதினார். இரண்டிலும் தோற்று ஓடினார். இரண்டு முறையும் எதிரே நின்றவர் அவருடைய சகோதரியின் கணவர் ரைனுல்ஃப். 1135-இல் ராணி எல்விரா இறந்தபோது ரோஜர் துக்கத்தில் அறையை விட்டே வெளியே வரவில்லை. அரசரும் செத்துவிட்டார் என்று வதந்தி கிளம்பி, அதை நம்பியே எதிரிகள் மறுபடி கிளர்ந்தெழுந்தார்கள். ஆனாலும் கடைசியில் ஜெயித்தவர் ரோஜர்தான். தோற்றால் தீவுக்குத் திரும்பிப் போவார். கஜானாவில் பணம் இருக்கும். அடுத்த வசந்தத்தில் புதுப் படையோடு வருவார். எதிரிகளுக்கு அந்த வசதி இல்லை. 1139-இல் ரைனுல்ஃப் காய்ச்சலில் இறந்தார். புதைத்த பிணத்தைத் தோண்டியெடுத்துத் தெருவில் இழுக்கவைத்தார் ரோஜர். அதே வருடம் ஜூலையில், படையோடு வந்த போப் இன்னசென்ட்டையே கல்லூச்சோ என்ற இடத்தில் சிறைபிடித்தார்கள். மூன்றே நாளில், ரோஜர் முறையான அரசர்தான் என்று போப் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொள்ளாமல் என்ன செய்வார்?

சரி, சண்டைக் கதை போதும். பலெர்மோ அரண்மனைக்குள் போவோம். அங்கே ரோஜர் கட்டிய சிற்றாலயம் இன்றும் நிற்கிறது. சுவர்களில் கிறிஸ்துவும் புனிதர்களும் தங்க மொசைக்கில் இருக்கிறார்கள். எழுத்துகள் கிரேக்கமும் லத்தீனும். நிமிர்ந்து பார்த்தால் மரக்கூரை, தேன்கூடு போல அடுக்கடுக்காகச் செதுக்கிய அரபுப் பாணி. அதில் இசைக்கிறவர்கள், கோப்பையோடு குடிக்கிறவர்கள், சதுரங்கம் ஆடுகிறவர்கள் என்று ஓவியங்கள். கூடவே அரசரை வாழ்த்தும் அரபி வரிகள். 1142-இல் அரண்மனையில் ஒரு நீர்க் கடிகாரம் செய்து வைத்தார்கள். அதன் கல்வெட்டு லத்தீன், கிரேக்கம், அரபி என மூன்று மொழிகளில் இருக்கிறது. அரபி வரியில் ஆண்டு இஸ்லாமியக் கணக்கில், ஹிஜ்ரி 536.

ரோஜருக்காக நெய்த மேலங்கி வியன்னா அரண்மனைக் கருவூலத்தில் இருக்கிறது. சிவப்புப் பட்டு. நடுவில் பேரீச்ச மரம், இருபுறமும் ஒட்டகத்தை அடித்து வீழ்த்தும் சிங்கம், எல்லாம் தங்க நூலிலும் முத்திலும். விளிம்பைச் சுற்றி ஓடுவது அரபி வாழ்த்து. நெய்த இடம் பலெர்மோ அரசப் பட்டறை, ஆண்டு ஹிஜ்ரி 528 என்று அதிலேயே போட்டிருக்கிறது. பிற்காலத்தில் புனித ரோமப் பேரரசர்கள் பலர் இதைப் போர்த்திக்கொண்டுதான் முடிசூடினார்கள்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு ரோஜரை மத நல்லிணக்கத்தின் முன்னோடி என்று கொண்டாடுகிறவர்கள் உண்டு. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். அவருக்கு எழுத்தர்கள் தேவைப்பட்டார்கள். யாருக்கு வேலை தெரியுமோ அவர்களை வைத்துக்கொண்டார். கப்பற்படையை நடத்தியவர் அந்தியோக்கியாவின் ஜார்ஜ். முன்பு ஆப்பிரிக்கக் கரையில் ஒரு முஸ்லிம் அரசரிடம் வேலை பார்த்த கிறிஸ்தவர். 1140 வாக்கில் வந்த சட்டத்தொகுப்பு, அந்தந்த மக்களின் வழக்கங்கள் அரசரின் சட்டத்துக்கு வெளிப்படையாக முரண்படாதவரை தொடரலாம் என்றது. அதே அரசர்தான், அரசு அதிகாரிகளிடம் தேர்வு பெறாமல் வைத்தியம் பார்த்தால் சிறை, சொத்துப் பறிமுதல் என்றும் உத்தரவிட்டார். நிலப் பட்டயம் வைத்திருந்தவர்கள் 1140-களின் நடுவில் அவற்றைக் கொண்டுவந்து புதுப்பித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அப்படிப் புதுப்பித்த ஏடுகளில் முஸ்லிம் குடியானவர்களின் பெயர்கள் அரபியிலும் கிரேக்கத்திலும் வரிசையாக, அழகான கையெழுத்தில் இருக்கின்றன. அவை பண்ணையோடு சேர்த்துக் கட்டப்பட்ட ஆட்களின் பட்டியல்கள். முஸ்லிம் ஆட்சியில் கிறிஸ்தவர்கள் கட்டிய ஜிஸ்யா வரியை இப்போது முஸ்லிம்கள் கிறிஸ்தவ அரசருக்குக் கட்டினார்கள்.

ஆனால் தேவைக்காக மட்டும் செய்தார் என்று சொல்லவும் முடியாது. அல்-இத்ரீசி என்ற அறிஞரை வைத்து அவர் செய்த உலக வரைபடத்தால் என்ன வரி வசூலாகும்? ஏறத்தாழ 15 வருடம் அந்த வேலை நடந்தது. பயணிகளைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். பலர் சொன்னது ஒத்துப்போனால் வைத்துக்கொள்வார்கள், முரண்பட்டால் தள்ளிவிடுவார்கள். முடிவில் ஒரு பெரிய வெள்ளித் தகட்டில் உலகத்தைப் பொறித்தார்கள். 70 பகுதி வரைபடங்களோடு அரபியில் ஒரு நூலும் உருவானது. அதில் தெற்குதான் மேலே. நம் பக்கத்துச் செய்தியும் உண்டு. சரந்தீப் என்று இலங்கையைப் பற்றி எழுதும் இத்ரீசி, அந்த அரசருக்கு 16 அமைச்சர்கள், நால்வர் சொந்த மக்கள், நால்வர் கிறிஸ்தவர், நால்வர் முஸ்லிம், நால்வர் யூதர் என்கிறார். பலெர்மோவில் உட்கார்ந்து எழுதியவருக்கு இது பிடித்துப்போயிருக்கும்!

முஸ்லிம்களை ரோஜர் மதித்தார், காத்தார், அவர்களும் நேசித்தார்கள் என்று எழுதுகிறார் அரபு வரலாற்றாசிரியர் இப்னு அல்-அஸீர். 1153-இல் நடந்ததையும் அவரே சொல்கிறார். மஹ்தியாவின் பிலிப் என்ற கடற்படைத் தலைவர் ஆப்பிரிக்கக் கரையில் போனா நகரைப் பிடித்தார். அங்கிருந்த அறிஞர்களைக் குடும்பத்தோடு போகவிட்டார். பிலிப் இஸ்லாத்திலிருந்து மதம் மாறியவர். உள்ளுக்குள் இன்னும் முஸ்லிமாகத்தான் இருக்கிறார் என்று குற்றம் சாட்டி, அவரை உயிரோடு எரித்தார்கள். ரோஜருக்கு அப்போது உடம்பு தளர்ந்திருந்தது என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். எனக்கு அது போதவில்லை.

1154 ஜனவரியில் இத்ரீசியின் நூல் முடிந்தது. பிப்ரவரி 26 அன்று ரோஜர் இறந்தார். கடற்கரை ஊரான செஃபலுவில் தானே ஒரு பேராலயம் கட்டி, அங்கேதான் அடக்கமாக வேண்டும் என்று 1145-இல் இரண்டு ஊதாக்கல் சவப்பேழைகளைப் பட்டயத்தோடு கொடுத்து வைத்திருந்தார். ஆனால் பலெர்மோவிலேயே புதைத்தார்கள். செஃபலுக் குருமார்கள் பட்டயத்தைக் காட்டி உடலைக் கேட்டுப் பார்த்தார்கள்; கிடைக்கவில்லை. 1215-இல் பேரன் இரண்டாம் பிரெடரிக் அந்த இரண்டு பேழைகளையும் பலெர்மோவுக்கே எடுத்துக்கொண்டு போய்விட்டார். இப்போது ஒன்றில் பிரெடரிக்கும் இன்னொன்றில் அவர் தந்தையும் இருக்கிறார்கள்.