பாய் களையாது புகுந்த பெருங்கலம்

அவையில் கூடியிருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

புறநானூற்றின் 30ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடும்போது, ‘கூம்பொடு மீப்பாய் களையாது மிசைப்பரம் தோண்டாது புகாஅர்ப் புகுந்த பெருங்கலம்’ என்கிறார். பாய்மரத்தோடு மேற்பாயையும் களையாமல், மேலே ஏற்றிய பாரத்தையும் குறைக்காமல், பெரிய மரக்கலம் ஒன்று புகாரில் காவிரி ஆற்றின் வாய்க்குள் வந்துவிட்டது. ‘களையாது’, ‘தோண்டாது’ என்ற இரண்டு எதிர்மறைகளையும் நாம் விரைந்து கடந்துவிடக் கூடாது. வேறு முகத்துவாரங்களில் பாயை இறக்குவதும் சரக்கைக் குறைப்பதும் வழக்கமாக இருந்தால்தான், இங்கே அவை தேவைப்படவில்லை என்பது ஒரு துறைக்குப் புகழாகும்.

கப்பலோட்டிகள் அஞ்சியது நடுக்கடலைக் காட்டிலும் இந்த வாயிலைத்தான். கடலைச் சந்திக்கும் ஆறு வேகம் இழந்து, சுமந்து வந்த மணலைக் கீழே போடுகிறது. கரையில் சாய்வாக மோதும் அலைகளோ மணலைக் கரையோரமாகவே நகர்த்திக்கொண்டு போகின்றன. நம் சோழமண்டலக் கரையில் தென்மேற்குப் பருவத்தில் வடக்கு நோக்கியும் வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கியும் அது போகும். இந்த இரண்டுக்கும் இடையில் எழுவதே மணல்திட்டு. ஒரு வெள்ளம் அதை உடைத்து வழி திறக்கும். அடுத்த ஆண்டு அந்த வழி வேறோர் இடத்தில் இருக்கும். சென்ற முறை வந்த தடத்தை நம்பி வரும் மாலுமி திட்டின்மேல்தான் ஏறுவான்.

அந்தக் காலத்தை ஒட்டிய ஒரு சான்று நமக்குக் கிடைத்திருக்கிறது. முதல் நூற்றாண்டில் எகிப்திலிருந்து வணிகம் செய்த, பெயர் தெரியாத கிரேக்கர் ஒருவர் எழுதிய பெரிப்ளூஸ் என்ற கடல்வழிக் குறிப்பு, நருமதையின் முகத்தையும் பாரிகாசா எனப்பட்ட, இன்றைய குஜராத்தின் பரூச் துறையையும் மிக நெருக்கமாகக் காட்டுகிறது. கரை தாழ்வாக இருப்பதால் அருகில் வரும்வரை ஆற்றின் வாய் கண்ணுக்குத் தெரியாது. கண்டபின்னும் திட்டுகளால் நுழைவது கடினம் என்கிறார் அவர். ஆகவே அரசன் பணியில் இருந்த உள்ளூர் மீனவர்கள், திரப்பகா, கோட்டிம்பா என்ற பெரிய படகுகளில் ஆட்களை நிறைத்துக்கொண்டு சௌராட்டிரக் கரைவரை எதிர்கொண்டு சென்று, கப்பல்களைத் திட்டுகளுக்கு நடுவே நடத்தி வந்தார்கள். கடல் ஏறத் தொடங்கியதும் கப்பலை இழுத்துக்கொண்டு நகர்வார்கள். இறங்கும்போது ஆற்றில் ஆழமான மடுக்களில் நிறுத்திக் காத்திருப்பார்கள். இப்படியே கிரேக்க அளவில் 300 ஸ்டேடியம், அதாவது ஐம்பது கிலோமீட்டருக்கு மேல், உள்ளே போக வேண்டும். அமாவாசை இரவில் ஏற்றம் வரும்போது தொலைவில் ஒரு படை ஆரவாரிப்பதுபோல் ஒலி கேட்குமாம். சற்று நேரத்தில் கடலே இரைந்துகொண்டு திட்டுகளின்மேல் பாயுமாம். இதைத் தன் காதால் கேட்டவர்தான் எழுதியிருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன். அந்த மீனவர் ஒருவரின் பெயரையாவது அவர் எழுதி வைத்திருக்கக் கூடாதா என்ற ஏக்கமும் எனக்கு உண்டு.

அந்த ஏற்றம்தான் பாரிகாசாவுக்கு ஆபத்து, உதவியும் அதுதான். நருமதை கலக்கும் காம்பே வளைகுடாவில் கடல் பத்து மீட்டர் வரை ஏறி இறங்கும் இடங்கள் உண்டு. எனவே திட்டைக் கடக்கக் கப்பலை அதுவே தூக்கிவிடும். காவிரி முகத்தில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் அளவைக்கூட எட்டுவது அரிது. கடல் தூக்கிவிடாத இடத்தில், பாரம் குறையாத கலம் நுழைய வேண்டுமானால், ஆறுதான் தன் வேகத்தால் மணலைத் தள்ளி ஆழத்தைக் காத்திருக்க வேண்டும். புலவர் வாக்கில் மிகை இருக்கலாம். ஆனாலும் அந்த அடிகளை நான் காவிரியின் நீர்ப்பெருக்குக்குச் சான்றாகவே படிக்கிறேன். புகார் என்ற சொல்லே ஆறு கடலில் புகும் இடத்தைக் குறிப்பதுதான்.

இன்று திருச்சிக்கு அருகே முக்கொம்பில் பிரியும் வெள்ளத்தின் பெரும்பகுதி கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போகிறது. பூம்புகாரை அடையும் காவிரி ஒரு சிறு வாய்க்கால் அளவே. ஒரு கோடையில் நான் அங்கே நின்றபோது கடல் அதன் வாயை மணலால் முழுவதும் அடைத்திருந்தது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு சிறுவன், கால் நனையாமல், அந்த மணல்மேட்டின் வழியே தென்கரையிலிருந்து வடகரைக்கு நடந்து போனான்.