மாடிக்கு ஏற மறுக்கும் வைஃபை

நேயர்களுக்கு வணக்கம். வீட்டில் எல்லா அறைக்கும், மாடிக்கும் வைஃபை ஒழுங்காக வர, கையைக் கடிக்காத செலவில் என்ன செய்யலாம் என்று பேசச் சொன்னார்கள். சென்னையில் வீடு வீடாகப் போய் நெட்வொர்க் வேலை பார்க்கிறவன் நான். போகிற இடமெல்லாம் முதலில் வருகிற கேள்வி ஒன்றுதான்: "எந்த ரவுட்டர் வாங்கலாம் சார்?" நான் திருப்பிக் கேட்பது, "இப்போது இருக்கிற ரவுட்டரை எங்கே மாட்டியிருக்கிறீர்கள்?"

வாசல் கதவுக்கு மேலே, செருப்பு ஸ்டாண்டு பக்கத்தில், மீட்டர் பெட்டியை ஒட்டி, இல்லாவிட்டால் டிவிக்குப் பின்னால் ஷோகேஸுக்குள். பெரும்பாலும் இதில் ஒன்றுதான் பதிலாக வரும். ஃபைபர் கேபிள் வெளியிலிருந்து எந்தப் பக்கமாக உள்ளே நுழைகிறதோ, அங்கேயே இரண்டு ஆணி அடித்து மாட்டிவிட்டு, வந்தவர் அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அவருக்கு அன்றைக்கு இன்னும் பல வீடு பாக்கி. ஆனால் வாசல் மூலையில் இருக்கிற பெட்டி தன் அலைகளில் பாதியைத் தெருவுக்கு அனுப்புகிறது, மிச்சப் பாதி கடைசி பெட்ரூமுக்குப் போய்ச் சேர மூன்று சுவரைத் தாண்ட வேண்டும்.

பெட்டியை நகர்த்துவதற்கு முன்னால் ஒரு சோதனை. ஒரு லேப்டாப்பை லேன் கேபிளில் நேராக அந்தப் பெட்டியில் சொருகி வேகத்தைப் பாருங்கள். லேன் ஓட்டை இல்லாத லேப்டாப் என்றால் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று, வைஃபையின் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் 5இல் பாருங்கள். அங்கேயே வேகம் இல்லையென்றால் கோளாறு லைனில், கம்பெனிக்குத்தான் போன் போட வேண்டும். நான் சொல்லப்போகிற எதுவும் அதற்குப் பயன்படாது. பெட்டிக்குப் பக்கத்தில் நன்றாக வந்து, மாடியில் வராமல் போனால் மட்டும் தொடர்ந்து கேளுங்கள்.

வைஃபையும் வானொலிதான், ரேடியோ அலைதான். சென்னையில் எஃப்எம் ரெயின்போ 101.4 மெகாஹெர்ட்ஸில் வருகிறது, அதன் அலைநீளம் கிட்டத்தட்ட 3 மீட்டர். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு நீளம் 12.5 சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு 6 சென்டிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. எஃப்எம் நிலையம் கிலோவாட் கணக்கில் ஒலிபரப்புகிறது, உங்கள் ரவுட்டர் ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துகிறது. அதனால் சுவர் என்றால் அதற்குப் பெரிய விஷயம். 9 அங்குலச் செங்கல் சுவர் கணிசமாகத் தின்றுவிடும், மயிலாப்பூர், திருவல்லிக்கேணி பக்கத்துப் பழைய வீடுகளின் தடித்த சுவர்கள் இன்னும் அதிகம். எல்லாவற்றிலும் மோசம் கம்பி கட்டிய கான்கிரீட் தளம். 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதில் நுழைந்து மேலே வந்தால் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சுவதில்லை. அப்புறம் இரும்பு பீரோ, ஆளுயரக் கண்ணாடி, ஃபிரிட்ஜ், தண்ணீர் நிறைந்த டேங்க், இவையெல்லாம் நாம் கணக்கிலேயே எடுக்காத சுவர்கள்.

சுவரை நேராகக் கடந்தால் ஒரு கணக்கு, சாய்வாகக் கடந்தால் வேறு கணக்கு என்பதையும் கவனியுங்கள். அலை சாய்வாகப் போகும்போது அதே சுவர் அதற்கு இன்னும் தடிமனாகிவிடும். ஆகவே எந்த அறைக்கு வேண்டுமோ அதற்கு நேர் எதிரில் பெட்டி இருப்பது நல்லது. மாடிவீடு என்றால் மாடிப்படி இருக்கிற இடத்தை விட்டுவிடாதீர்கள். தளத்தில் கான்கிரீட் இல்லாத ஒரே ஓட்டை அதுதான். படிக்கட்டு தெரிகிற மாதிரி, தலைக்கு மேல் உயரத்தில், ஹாலில் ரவுட்டரை வைத்தால் மேல்மாடி ஹாலுக்கு ஒரு பைசா செலவில்லாமல் சிக்னல் ஏறும். நேர்மேலே அனுப்ப வேண்டுமென்றால் இரண்டு ஆன்டெனாவில் ஒன்றைப் படுக்கவையுங்கள். நட்டுக்குத்தலாக நிற்கும் ஆன்டெனா பக்கவாட்டில்தான் அதிகம் வீசும், தன் தலைக்கு மேலே அதற்குக் கிட்டத்தட்ட ஒன்றும் தெரியாது.

பெட்டியை நகர்த்த ஃபைபரையே இழுக்க வேண்டியதில்லை. அது கண்ணாடி இழை, கூர்மையாக மடித்தால் ஒளி கசிந்து லைனே போய்விடும், அதில் கைவைக்காதீர்கள். கம்பெனி பெட்டி வாசலிலேயே இருக்கட்டும். அதிலிருந்து ஒரு லேன் கேபிளை வீட்டின் நடுவுக்குக் கொண்டுவந்து, அங்கே ஒரு ரவுட்டரை வையுங்கள்.

ஆறு ஆன்டெனா, எட்டு ஆன்டெனா வைத்து, பார்க்கவே பயமாக இருக்கிற பெரிய ரவுட்டரை வாங்கினால் தீராதா என்பார்கள். தீராது. ரவுட்டர் போனுக்குப் பேசினால் போதாது, போனும் ரவுட்டருக்குப் பதில் பேச வேண்டும். மொட்டை மாடியிலிருந்து ஒருவர் மைக் வைத்துக் கூப்பிட்டால் தெருமுனையில் இருப்பவருக்குக் கேட்கும், அவர் வெறும் வாயால் சொல்கிற பதில் மாடிக்குக் கேட்காது. போனில் ஐந்து கோடும் காட்டும், வீடியோ கால் மட்டும் உறைந்து நிற்கும். அதற்குக் காரணம் பல நேரம் இதுதான். ரவுட்டருக்குப் பின்னால் அலுமினியத் தாள் ஒட்டுகிற வைத்தியத்தைப் பற்றியும் கேட்கிறார்கள். அந்தத் தாள் சமையலறையிலேயே இருக்கட்டும்.

ஆகவே போன் காட்டும் கோடுகளை நம்பாதீர்கள். பின் எதை நம்புவது? ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் என்ற வகையில் இலவச ஆப்கள் கிடைக்கின்றன, அவை சிக்னலை டிபிஎம் என்ற அளவில், கழித்தல் குறியோடு காட்டும். மைனஸ் 50 என்றால் அருமை. மைனஸ் 65 வரை வீடியோ கால் தாங்கும். மைனஸ் 75க்குப் போனால் திக்கும், 80ஐத் தாண்டினால் ஆசையை விட்டுவிடலாம். பத்து எண் குறைந்தால் பலம் பத்தில் ஒரு பங்காகிறது என்று பொருள், அதனால் 60க்கும் 70க்கும் நடுவில் சின்ன வித்தியாசம்தானே என்று நினைக்க வேண்டாம். ராத்திரி எப்படிக் கதவைச் சாத்திப் படுப்பீர்களோ அப்படிச் சாத்திவிட்டு, அறை அறையாக நின்று எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுக்குமாடிவாசிகளுக்கு இன்னொரு தலைவலி, பக்கத்து வீட்டு வைஃபை. வேளச்சேரியிலோ பெரம்பூரிலோ ஒரு ஃபிளாட்டில் நின்று அந்த ஆப்பைத் திறந்தால் இருபது பேர் வீட்டு வைஃபை வரிசையாக வரும். 2.4 கிகாஹெர்ட்ஸில் வைஃபை ஓடுகிற தடங்களைச் சேனல் என்பார்கள், அதில் ஒன்றோடொன்று இடிக்காதவை 1, 6, 11 மூன்றுதான். யாராவது 3இலோ 4இலோ வைத்திருந்தால் அவர் இரண்டு பக்கமும் கெடுக்கிறார், அந்த யாராவது நீங்களாகவும் இருக்கலாம். மூன்றில் கூட்டம் குறைந்ததை எடுத்து, சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் நிறுத்துங்கள். 40 போட்டால் வேகம் கூடும் என்று செட்டிங்கில் ஆசை காட்டும், இந்த நெரிசலில் கூடாது. 100 எம்பிபிஎஸ் திட்டம் போட்டுவிட்டு, 2.4இல் 40 எம்பிபிஎஸ்தான் வருகிறது என்று சண்டைக்குப் போகாதீர்கள், ஃபிளாட்டில் அது நல்ல மார்க். ரவுட்டர் இருக்கிற அறையிலேயே இருக்கிற போனும் லேப்டாப்பும் 5இல் இருக்கட்டும்.

சரி, இதெல்லாம் செய்தும் மாடி அறைக்கு வரவில்லை என்றால்? அங்கே இன்னொரு பெட்டி வைக்கத்தான் வேண்டும், அந்தப் பெட்டிக்கு வயர் இழுக்கத்தான் வேண்டும். நான் இங்கே முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான்: தூரத்தை வயர் கடக்கட்டும், அறைக்குள் மட்டும் வைஃபை வேலை செய்யட்டும். வயர் என்றதும் முகம் சுளிப்பார்கள், சுவரை உடைக்க வேண்டுமே என்று. நம் ஊர் வீட்டில் பெரும்பாலும் ஓட்டை ஏற்கெனவே இருக்கிறது. ஸ்பிளிட் ஏசி பைப் வெளியே போகிற ஓட்டையில் ஒரு லேன் கேபிள் தாராளமாக நுழையும். டிஷ் கேபிள் மொட்டை மாடியிலிருந்து இறங்குகிற வழி இருக்கிறது. மாடிப்படி ஓரமாகக் கேசிங் பட்டை அடித்து உள்ளே விட்டால் வெள்ளைச் சுவரில் கண்ணுக்கே தெரியாது. கரண்ட் வயர் போகிற பைப்பில் மட்டும் சேர்த்து விடாதீர்கள், அது ஆபத்து.

கேபிள் வாங்க ரிச்சி தெருவுக்குப் போனால் 'கேட் 6' என்ற ரகத்தை மீட்டருக்கு 20, 30 ரூபாய் கணக்கில் வெட்டித் தருவார்கள். அங்கே ஒன்று கவனியுங்கள். அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசிய கேபிளும் அதே நிறத்தில், அதே பெயரில் கிடைக்கிறது. நுனியை வெட்டி, ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டுங்கள். சுரண்டச் சுரண்டச் செம்பாகவே இருந்தால் வாங்குங்கள், உள்ளே வெள்ளி மாதிரி பளபளத்தால் வைத்துவிட்டு வாருங்கள். நாலு தடவை மடித்து நிமிர்த்தினால் ஒடிகிற சரக்கு அது. வெளிச்சுவரில் போகிறதென்றால் வெயில் தாங்கும் கறுப்பு உறை போட்டதைக் கேளுங்கள், வீட்டுக்குள் போடுகிற சாம்பல் நிறக் கேபிள் நம் வெயிலில் காய்ந்து உரிந்துவிடும். மொட்டை மாடியில் திறந்தவெளியில் நீளமாக இழுக்காதீர்கள், ஐப்பசி மழையில் இடி இடித்தால் இரண்டு முனையிலும் உள்ள பெட்டிகள் சேர்ந்து போகலாம்.

முனையில் கனெக்டர் அடிக்கும்போது இரண்டு பக்கமும் ஒரே வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். எட்டில் நீலம், பிரவுன் ஜோடிகளில் ஒரு கம்பி சரியாகக் கடிபடாவிட்டாலும் லைன் வேலை செய்கிற மாதிரிதான் இருக்கும், ஆனால் 1000க்குப் பதில் 100இல் நின்றுவிடும். 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்குக் காசு கட்டிவிட்டு, எப்போது பார்த்தாலும் 94, 95லேயே நிற்கிறது என்றால் முதலில் அந்தக் கனெக்டரைச் சந்தேகப்படுங்கள். பழைய பெட்டி சிலவற்றில் லேன் ஓட்டையே 100தான், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாடியில் வைக்கப் புது ரவுட்டர் தேவையில்லை, பரணில் கிடக்கிற பழையதே போதும், 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் ரொம்ப நல்லது. அதன் செட்டிங்கில், வயரில் வருவதை வைஃபையாக மட்டும் கொடுக்கிற ஆக்சஸ் பாயின்ட் மோட் இருந்தால் அதைப் போட்டுவிட்டால் முடிந்தது. இல்லாவிட்டால் மூன்று வேலை: அதன் நெட்வொர்க் முகவரியை மாற்றுங்கள், கீழே இருப்பது 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2, போன்களுக்கு முகவரி கொடுக்கிற டிஹெச்சிபி வசதியை அணையுங்கள், வீட்டில் முகவரி கொடுப்பவர் ஒருவர்தான் இருக்க வேண்டும், கேபிளை இன்டர்நெட் என்று எழுதிய ஓட்டையில் சொருகாமல் மற்ற லேன் ஓட்டை ஒன்றில் சொருகுங்கள். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் கீழே இருப்பதே இருக்கட்டும், 2.4 சேனலை மட்டும் வேறாக்குங்கள். போன் சில சமயம் மாடிக்கு வந்த பிறகும் கீழ்ப் பெட்டியையே பிடித்துக்கொண்டிருக்கும். கீழே 2.4இன் பவரைக் கொஞ்சம் குறைத்தால் விட்டுவிடும்.

வாடகை வீடு, ஹவுஸ் ஓனர் ஆணி அடிக்கவே விடமாட்டார் என்றால், வயர் இல்லாமல் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் இருக்கிறது. ஒரே அலைவரிசையில் வாங்கி அதே அலைவரிசையில் திருப்பி அனுப்புவதால் வேகம் பாதியாகும், தெரிந்தே வாங்குங்கள். அதைச் சிக்னல் வராத அறையில் வைக்காதீர்கள், அங்கே அதற்கும்தான் வராது. பாதி வழியில், மாடிப்படித் திருப்பத்தில் வையுங்கள். பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக நடக்கிற மெஷ் செட் நன்றாகவே வேலை செய்யும், இரண்டு பெட்டிக்கு 5,000 ரூபாய் மாதிரி ஆகும், லேன் ஓட்டை உள்ளதாகப் பார்த்து வாங்கினால் சொந்த வீட்டுக்குப் போனபின் அதையே வயரில் இணைத்துக்கொள்ளலாம். கரண்ட் வயர் வழியாகவே இன்டர்நெட் அனுப்பும் பவர்லைன் அடாப்டரும் உண்டு. த்ரீ பேஸ் வீட்டில் ஹால் ஒரு பேஸிலும் மாடி இன்னொரு பேஸிலும் இருந்தால் அது தடுமாறும், எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. நகராத டிவி, டெஸ்க்டாப் போன்றவற்றுக்கு முடிந்தவரை வயரையே கொடுத்துவிடுங்கள், போன்களுக்கு இடம் மிஞ்சும்.

மாடிப் பெட்டியை இன்வெர்ட்டர் லைன் வருகிற பிளக்கில் சொருகியிருக்கிறீர்களா என்று பாருங்கள். கரண்ட் போனால் கீழே எரிந்து மேலே அணைவது அடிக்கடி நடக்கிறது.

புதிதாக வீடு கட்டிக்கொண்டிருப்பவர்கள் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், தளம் போடுவதற்கு முன்னால் எலக்ட்ரீஷியனைப் பிடித்து லேனுக்கென்று தனி பைப் ஒன்று கேளுங்கள், வாசலிலிருந்து ஹாலுக்கு, ஹாலிலிருந்து ஒவ்வொரு மாடிப்படி முகப்புக்கும். கேபிளை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். இப்போதைக்குப் பைப்புக்குள் ஒரு நைலான் கயிறை மட்டும் விட்டு, இரண்டு முனையையும் கட்டிவைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பூச்சு வேலையில் சிமென்ட் போய் அடைத்துக்கொள்ளும். வணக்கம்.