கையெழுத்துக்கு முன் படிக்க வேண்டிய வரி

நேயர்களுக்கு வணக்கம். பல்கலைக்கழகங்களும் பன்னாட்டுத் தொழில்நுட்ப நிறுவனங்களும் கைகோத்து ஆய்வு நடத்துவது நேற்றுத் தொடங்கிய வழக்கம் இல்லை. 1945-இலேயே ஐபிஎம் நிறுவனம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கணிப்பு ஆய்வகம் ஒன்றை நிறுவியது. 2017-இல் அதே நிறுவனம், பத்தாண்டுகளில் 24 கோடி டாலர் செலவிடும் திட்டத்துடன், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தோடு (எம்.ஐ.டி.) சேர்ந்து செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தை அறிவித்தது. பேராற்றல் கொண்ட கணினிகளும் கோடிக்கணக்கானோரின் பயன்பாட்டில் திரளும் தரவுகளும் நிறுவனங்களிடமே குவிந்திருப்பதால், அவற்றின் துணையின்றிச் சில ஆய்வுகளைத் தொடங்கவே இயலாது. ஆகவே கூட்டாய்வு தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒப்பந்தத்தில் எதற்கு உடன்படுகிறோம் என்பதே என் கவலை.

ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் பெரும்பொழுது காப்புரிமைக்கே, அதாவது கண்டுபிடிப்பைப் பிறர் அனுமதியின்றிப் பயன்படுத்தாமல் தடுக்கும் உரிமைக்கே, போய்விடுகிறது. கூகுள் தேடலுக்கு அடிப்படையான பேஜ்ரேங்க் என்னும் பக்க வரிசை முறையின் காப்புரிமையை வைத்திருந்த ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம், உரிமத்துக்கு ஈடாகப் பெற்ற பங்குகளை விற்று 33 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது உண்மைதான். ஆனால் அப்படிப்பட்ட கண்டுபிடிப்பு எப்போதோ ஒருமுறைதான் வாய்க்கும். ஆய்வு முடிவை வெளியிடும் உரிமையோ ஒவ்வோர் ஆய்வாளருக்கும் ஒவ்வோர் ஆண்டும் தேவைப்படுவது.

ஐரோப்பிய நாடுகளில், விண்ணப்பிக்கும் முன்பே கண்டுபிடிப்பு வெளியாகிவிட்டால் பொதுவாகக் காப்புரிமை கிடைக்காது. ஆதலால் கட்டுரையை முன்கூட்டியே படித்துப் பார்க்க நிறுவனம் 30 நாளோ 60 நாளோ கேட்பது நியாயம். கெடு எதுவும் குறிக்காமல், 'நிறுவனத்தின் ஒப்புதல் பெற்ற பின்னரே வெளியிட வேண்டும்' என்று எழுதிவிடும்போதுதான் கேடு நுழைகிறது. எனக்குத் தெரிந்த முனைவர் பட்ட மாணவி ஒருவரின் ஆய்வேடு அந்த ஒரு வரியால் ஓராண்டுக்கும் மேலாக முடங்கிக் கிடந்தது. மூன்றாம் இயலின் வரைபடங்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுத் தாள்களை வைத்துக் கட்டிய பிரதியை அவர் என் மேசையில் வைத்தபோது, எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் துணிவு வரவில்லை. ஒப்புதல் வருவதற்குள் வேறொரு குழு அதே முடிவை வெளியிட்டுவிட்டது. ஒப்பந்தம் கையெழுத்தானபோது அவர் ஆய்வில் சேர்ந்திருக்கவே இல்லை.

எனவே கெடு நாளைத் தெளிவாக எழுதுங்கள். அதற்குள் பதில் வராவிடில் வெளியிடலாம் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். நிறுவனத்தின் கமுக்கத் (ரகசியத்) தரவு எதுவென முதலிலேயே வரையறுத்து, பட்ட ஆய்வேடு அதைச் சார்ந்திராதவாறு திட்டமிடுங்கள். ஆய்வகத்தில் சேரும் மாணவருக்கு, சேரும் நாளிலேயே ஒப்பந்தத்தில் வெளியீடு பற்றிய பிரிவைப் படித்துக் காட்டுங்கள். நன்றி, வணக்கம்.