முப்பது ஆண்டு நட்டத்தைத் தாங்கியவர்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, செவ்வாய்பேட்டையிலிருந்தும் அஸ்தம்பட்டியிலிருந்தும் வேலையை முடித்த கையோடு வந்து அமர்ந்திருக்கும் சேலத்துப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம். கல்விப் பதிப்பகம் ஒன்று தலைமுறை தாண்டி நிலைக்கக் காரணம் குடும்ப உரிமையா, வெளியார் முதலீடா என்பது இன்றைய வழக்கு. குடும்ப உரிமையே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய அம்மையார், "நூற்றைம்பது ஆண்டு பதிப்பகம் நடத்திய மாக்மில்லன் குடும்பமே கடைசியில் விற்றுவிட்டுப் போகவில்லையா?" என்று கேட்டார். நல்ல கேள்விதான். ஆனால் அவர் அந்தக் கதையின் கடைசிப் பக்கத்தை மட்டும் வாசித்தார். நான் முதல் பக்கத்திலிருந்து வாசிக்கிறேன்.

ஸ்காட்லாந்தின் ஆரன் தீவைச் சேர்ந்த ஏழை உழவர் குடும்பத்தில் பிறந்த டேனியல், அலெக்சாண்டர் என்னும் மாக்மில்லன் வீட்டு அண்ணன் தம்பி இருவரும் 1843இல் லண்டனில் ஒரு புத்தகக் கடை திறந்து, அதே ஆண்டில் கேம்பிரிட்ஜிலும் கடை வைத்தார்கள். பல்கலைக்கழக ஊர் என்பதால் பாடம் நடத்துகிறவர்களே அங்கே வாடிக்கையாளர்கள். அவர்களே பிறகு நூலாசிரியர்களும் ஆனார்கள். 1857இல் டேனியல் இறந்தபோது, அலெக்சாண்டர் அண்ணன் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளோடு சேர்த்து வளர்த்தார், பதிப்பகத்தையும் வளர்த்தார். டேனியலின் மகன்களில் ஒருவரான மாரிஸ், பதிப்பகத்துக்கு வருமுன் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். பள்ளிப் புத்தகம் விற்கப் போகிறவர் முதலில் வகுப்பறையில் நின்று பாடம் நடத்தியிருக்கிறார் என்பதை, முப்பது ஆண்டுகள் தமிழாசிரியராகச் சுண்ணக்கட்டி பிடித்தவன் என்ற முறையில் நான் பெரிதாக மதிக்கிறேன்.

அந்தக் குடும்பம் 1869இல் 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழைத் தொடங்கியது. இன்று உலக விஞ்ஞானிகள் தம் ஆய்வு அதில் வெளிவராதா என்று ஏங்குகிற அந்த இதழ், தொடங்கிய நாளிலிருந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நட்டத்திலேயே நடந்தது. நடுவர் அவர்களே, முப்பது ஆண்டு நட்டத்தை எந்தப் பங்குதாரர் கூட்டம் பொறுத்துக்கொள்ளும்? மூன்றாம் ஆண்டே மூடச் சொல்லியிருப்பார்கள். கணிதம் முதலான மற்ற நூல்களில் வந்த வருமானத்தைக் கொண்டு அறிவியல் இதழைத் தாங்குவது என்பது வீட்டில் சம்பாதிக்கிற பிள்ளையை வைத்துப் படிக்கிற பிள்ளையைக் கரையேற்றுவது போன்றது. 1885இலும் 1887இலும் அவர்கள் வெளியிட்ட ஹால், நைட் இருவரின் இயற்கணித நூல்கள் இன்றும் நம் நாட்டில் விற்பனையாகின்றன. பம்பாயில் 1901, கல்கத்தாவில் 1907, சென்னையில் 1913 என்று கிளைகள் திறந்து இங்கே ஊன்றியதும் அந்தக் குடும்பம்தான்.

நம் மலையையே பாருங்கள். சேர்வராயன் மலையில் காப்பிச் செடி நட்டவர், முதல் பழத்தைப் பறிக்க மூன்று நான்கு ஆண்டுகள் காத்திருக்கிறார். நிழல் மரமோ அதற்கு முன்பே நின்றிருக்க வேண்டும். பள்ளிப் புத்தகமும் அப்படித்தான் காய்க்கிறது.

இனி அந்த விற்பனைக்கு வருகிறேன். 1995இல் மாக்மில்லனின் பெரும்பான்மைப் பங்கையும் 1999இல் மீதியையும் வாங்கியது ஜெர்மனியின் ஹோல்ட்ஸ்பிரிங்க் நிறுவனம். அதுவும் ஒரு குடும்ப நிறுவனமே. ஒரு குடும்பம் இறக்கிவைத்த சுமையை இன்னொரு குடும்பம் எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டது என்றால், அம்மையார் காட்டிய சான்று எந்த அணிக்குச் சேரும்? இங்கிலாந்தின் லாங்மன் பதிப்பகமும் கைமாறியது. 1724இல் தொடங்கிய அந்தக் குடும்பப் பதிப்பகத்தை 1968இல் பியர்சன் குழுமம் வாங்கிக்கொண்டது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன் கழிந்த 244 ஆண்டுகளையும் கணக்கில் எழுதுங்கள்.

எதிரணித் தலைவர் வெளியார் முதலீட்டுக்குச் சான்றாக, பாடநூல் பதிப்பகமான எஸ். சந்த் நிறுவனத்தைச் சொன்னார். 1939இல் டெல்லியில் ஷ்யாம் லால் குப்தா தொடங்கியது அது. 2017இல் பங்குச் சந்தைக்கு வந்தது. இடையில் 78 ஆண்டுகள் அதைச் சுமந்தது யார்? பங்கு ஒன்று 670 ரூபாய் என்று விற்கப்பட்டு, மூன்று ஆண்டுகளுக்குள் 100 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. காரணங்கள் பல இருக்கலாம். அடிப்படை ஒன்று எல்லாருக்கும் தெரியும். அத்தகைய நிறுவனங்களின் விற்பனையில் பெரும்பகுதி சனவரி முதல் மார்ச் வரை மூன்றே மாதங்களில் நடந்துவிடுகிறது. மற்ற ஒன்பது மாதங்கள் செலவு மாதங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை லாபக் கணக்குக் கேட்கிற சந்தைக்கு, ஆண்டுக்கு ஒருமுறை விளைகிற இந்தத் தொழிலின் மூச்சு புரிவதில்லை.

நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். 1970இல் தமிழ்நாடு பாடநூல் நிறுவனம் அமைந்து பாடநூல் வெளியீடு அரசின் பொறுப்பானபோது, தனியார் பதிப்பகங்களின் முதன்மையான பிழைப்பு கைவிட்டுப் போனது. அது மாணவர்களுக்கு நன்மை செய்த மாற்றம். அதில் எனக்குக் குறையில்லை. அந்த மாற்றத்துக்குப் பின்னும் திருச்சி தெப்பக்குளத்தின் பழனியப்பா பிரதர்ஸ், தூய வளனார் கல்லூரிப் பேராசிரியர் ஐயம்பெருமாள் கோனாரின் பெயரைத் தாங்கிய தமிழ் உரையோடு நின்றது. இந்த அவையில் அந்த உரையைத் தொடாமல் பள்ளி இறுதித் தேர்வு எழுதியவர்கள் எத்தனை பேர் இருப்பீர்கள்? உரைநூல் மாணவரைச் சோம்பேறியாக்கியது என்று எதிரணியினர் சொல்வார்கள். வீட்டில் எழுத்தறிந்தவர் ஒருவரும் இல்லாத நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு, செய்யுளின் பதப்பொருளைச் சொல்லிக்கொடுத்தது அந்த உரைதான் என்பதை அம்மாப்பேட்டைப் பக்கம் பாடம் நடத்திய நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

ஒரு குடும்பப் பதிப்பகத்தின் இலக்கண நூலில், பெயர் வேண்டாம், 'ஊறுகாய்' என்பதற்குப் பண்புத்தொகை என்று அச்சாகியிருந்தது. அது வினைத்தொகை என்று ஓர் அஞ்சலட்டை எழுதிப் போட்டேன். சேலத்துக் கடைகளுக்குக் கணக்குப் பார்க்க வந்த உரிமையாளர், என் பள்ளியைத் தேடி வந்து, "ஐயா, அட்டையில் எங்க அப்பா பேர் இருக்குது, அதில் தப்பு இருக்கக் கூடாதுங்க" என்று சொல்லி, கையோடு கொண்டுவந்த திருத்தச் சீட்டுகளை என் மேசையில் வைத்தார். அன்று பிற்பகல் எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் புத்தகங்களில் அவரும் என்னோடு உட்கார்ந்து அந்தச் சீட்டுகளை ஒட்டினார்.