மிஸ்ஸிங் அடிக்கும் வள்ளத்து என்ஜின்: உவரிக் கரையிலிருந்து

வணக்கம் மக்களே. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் உவரியில் யாரும் தொழிலுக்குப் போகமாட்டார்கள். பின்னால் பாருங்கள், வள்ளமெல்லாம் மணலில் ஏறிக் கிடக்கிறது. நான் என்ஜினைக் கழற்றி இந்தத் தண்ணீர் டிரம்மில் மாட்டியிருக்கிறேன். டிரம் இல்லாமல் கரையில் வைத்து ஓட்டிவிடாதீர்கள். தண்ணீர் ஏறாவிட்டால் உள்ளே தண்ணீரை இழுத்துக் கொடுக்கிற ரப்பர் சக்கரம், அதாவது இம்பெல்லர், கொஞ்ச நேரத்திலேயே தேய்ந்து கருகிவிடும்.

இது 9.9 குதிரைத்திறன், இரண்டு சிலிண்டர். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிற ரகம். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் மீனோடு திரும்பும்போது மிஸ்ஸிங் அடிக்க ஆரம்பித்தது. மெதுவாக ஓட்டினால் ஒன்றும் தெரியாது. வேகம் கொடுத்தால் டப் டப் என்று திணறும், வள்ளம் முன்னேறவே செய்யாது. அரை மணி நேரத் தூரத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. கொண்டல் காற்று வேறு.

விசாரித்த இடத்தில், பிளக்குகளுக்குப் பொறிக்கான மின்சாரம் அனுப்புகிற சிடிஐ யூனிட் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள். பல ஆயிரம் ரூபாய் சமாச்சாரம். பணம் எடுக்குமுன் நாமே பார்ப்போமே என்று உட்கார்ந்தேன்.

முதலில் எண்ணெய். டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்து கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வைத்தேன். தண்ணீர் கலந்திருந்தால் சிறிது நேரத்தில் அடியில் தனியாக நிற்கும். என்னுடையது சுத்தமாக இருந்தது.

அப்புறம் சிலிண்டருக்குள் பொறி கொடுக்கிற பிளக். மிஸ்ஸிங் அடிக்கும்போதே என்ஜினை நிறுத்தி இரண்டையும் கழற்றினால்தான் உண்மை தெரியும். மேல் பிளக் நல்ல பழுப்பு நிறம். கீழ் பிளக் கறுப்பாக, எண்ணெயில் முக்கி எடுத்தது மாதிரி ஈரம். எண்ணெய் வந்து சேர்கிறது, பொறிதான் சேரவில்லை என்று அர்த்தம். அந்த பிளக் காய்ந்து போயிருந்தால் நான் எண்ணெய் வருகிற சின்னத் துளையான கார்புரேட்டர் ஜெட் பக்கம் போயிருப்பேன். இன்னொன்று, என்ஜின் சூடேறுமுன் மண்ணெண்ணெய்க்கு மாற்றினாலும் பிளக் இப்படி நனையும். ஆனால் அப்போது இரண்டுமே நனைந்திருக்க வேண்டும், இங்கே ஒன்றுதான்.

சரி, இப்போது வெறும் இடமாற்றம்தான். இரண்டு பிளக்கையும் மேலும் கீழும் மாற்றிப் போட்டுக் கடலில் ஓட்டினேன். மறுபடியும் கீழ் சிலிண்டர்தான் நனைந்தது. அப்படியென்றால் பிளக் மேல் தப்பில்லை. அடுத்து, வயரின் நுனியில் இருந்து பிளக்கின் தலையில் மாட்டுகிற பிளக் கேப் இரண்டையும் திருகிக் கழற்றி மாற்றிப் போட்டேன். இந்த முறை மேல் சிலிண்டர் நனைந்தது! கோளாறு கேப்போடு சேர்ந்து மேலே போய்விட்டது. சிடிஐ போயிருந்தால் கேப்பின் பின்னால் அது ஏன் போகப்போகிறது?

நேற்று ராத்திரி பெட்ரோல் கேனையெல்லாம் தூரத்தில் வைத்துவிட்டு, விளக்கை அணைத்து, மூடியைத் திறந்து ஓட்டினேன். அந்த கேப் மேல் கொஞ்சம் உப்புத்தண்ணீர் தெளித்ததும் மயிரிழை கனத்தில் ஒரு நீலக்கோடு கேப்பிலிருந்து என்ஜின் உடம்புக்குத் தாவியது. தாவி, நின்று, மறுபடி தாவியது. எனக்குச் சிலிர்த்துவிட்டது. கையை மட்டும் கிட்டே கொண்டுபோகாதீர்கள், அடி பலமாக இருக்கும்.

இதோ அந்த கேப். கேமராவுக்குக் கிட்டே காட்டுகிறேன். வெடிப்பு தெரிகிறதா? உள்ளே பாருங்கள், பச்சைப் பச்சையாகக் களிம்பு. உப்புக்காற்று செய்த வேலை. வேகம் கொடுக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், பிளக் முனையில் பொறி பாய்வது கஷ்டமாகும். அது சுலபமான வழி தேடி இந்த வெடிப்பு வழியாக வெளியே ஓடிவிடுகிறது. மெதுவாக ஓடும்போது தெரியாததும் அதனால்தான்.

புது கேப் 150 ரூபாய். வயரின் நுனியில் களிம்பு பிடித்த துண்டை வெட்டிவிட்டு, நல்ல செம்பு தெரிகிற இடத்தில் திருகியிருக்கிறேன். டிரம்மில் சீராக ஓடுகிறது, ஆனால் அதை வைத்து முடிவு சொல்லமாட்டேன். பாரம் ஏறினால்தானே தெரியும்? மச்சான் வந்துகொண்டிருக்கிறார். வள்ளத்தைத் தள்ளி, கப்பல் மாதா கோவிலுக்கு நேரே ஒரு சுற்று முழு வேகத்தில் போய் வருகிறோம். கேமராவையும் எடுத்துக்கொள்கிறேன்.