அளவு நம் கையில் இருக்கட்டும்

நடுவர் அவர்களுக்கும், எதிரே அமர்ந்திருக்கும் நண்பர்களுக்கும், அவையில் உள்ள அனைவருக்கும் வணக்கம். ‘வீட்டில் கேக் செய்ய ஏற்றது மிக்ஸ் பாக்கெட்டா, நாமே அளந்து கலக்கும் மாவா?’ என்பது இன்றைய தலைப்பு. நாமே அளந்து கலப்பதுதான் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய சகோதரி, வேலைக்குப் போகும் பெண்ணுக்கு மிக்ஸ் நேரத்தை மிச்சம் பிடித்துக் கொடுக்கிறது என்றார். புதிதாகச் செய்பவருக்கும் சொதப்பாது என்றார். அடுப்படியில் பெண்கள் படும் பாட்டைப் பார்த்துத்தான் அதைக் கண்டுபிடித்தார்கள் என்றும் சொன்னார்.

சரி, முதலில் நேரத்தைப் பார்ப்போம். பாக்கெட்டைப் பிரித்தால் உள்ளே மைதா, சர்க்கரை, பேக்கிங் பவுடர், எசன்ஸ், இன்னும் சில சேர்மானங்கள். முட்டையை நீங்கள்தான் உடைக்க வேண்டும். எண்ணெயை நீங்கள்தான் ஊற்ற வேண்டும். தட்டில் வெண்ணெய் தடவி மாவு தூவுவது, ஓவனைச் சூடாக்குவது, வெந்ததும் ஆறவைப்பது, கடைசியில் பாத்திரம் கழுவுவது எல்லாம் நம் தலையில்தான். பாக்கெட் மிச்சம் பிடித்தது, மூன்று டப்பாவைத் திறந்து அளக்கிற நேரம். ஐந்து நிமிடம் இருக்குமா? வெண்ணெய் குழைக்கும் பத்து நிமிடமும் மிச்சம்தானே என்று கேட்பீர்கள். அவசரம் என்றால் எண்ணெய் ஊற்றிச் செய்யும் கேக்கை நாமே அளந்து செய்யலாமே! அதில் குழைக்கிற வேலையே கிடையாது.

அப்புறம், கண்டுபிடித்த கதை. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரில் ‘பி. டஃப் அண்ட் சன்ஸ்’ என்று ஒரு கம்பெனி இருந்தது. மொலாசஸ், அதாவது சர்க்கரை காய்ச்சும்போது மிஞ்சும் கரும்பாகு, அவர்கள் சரக்கு. அது விற்காமல் தேங்கிக் கிடந்தது. அந்தப் பாகை மாவோடு கலந்து உலர்த்தி, தண்ணீர் ஊற்றினால் இஞ்சி கேக் ஆகிவிடும்படி ஒரு பொடி தயாரித்தார்கள். ஜான் டஃப் 1933இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். தேங்கிய சரக்கு போக வழி தேடியபோது பிறந்த பொருள் அது. அந்தப் பொடியில் முட்டையும் தூளாகவே இருந்தது. 1935இல் அதே கம்பெனி இன்னொரு காப்புரிமை வாங்கியது. அதில் முட்டைத் தூளை எடுத்துவிட்டு, வீட்டுப் பெண்ணே புது முட்டை சேர்க்கட்டும் என்று மாற்றிவிட்டார்கள். மிக்ஸ் செய்தவர்களே புது முட்டைக்குத் திரும்பியிருக்கிறார்கள், நடுவர் அவர்களே. மாவுக்கும் சர்க்கரைக்கும் அதே மரியாதை கொடுங்கள் என்றுதான் நாங்கள் கேட்கிறோம்.

சொதப்பாது என்றாரே, அதற்கு வருகிறேன். என் முதல் கேக் சொதப்பியது. மே மாதம். வெண்ணெய் ‘அறை வெப்பநிலையில்’ இருக்க வேண்டும் என்று குறிப்பில் இருந்தது. குளிர் ஊர்க்காரர் எழுதிய குறிப்பு. நம் ஊர் மே மாதத்து அறையில் வெண்ணெய் என்ன ஆகும்? உருகி எண்ணெயாக நின்றது. அதிலேயே சர்க்கரையைப் போட்டு அடித்தேன். குக்கரில் மணல் பரப்பி, கேஸ்கெட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு முக்கால் மணி நேரம் வேகவைத்தேன். எழும்பாமல், கனமாக, பிசுபிசுவென்று வந்தது.

ஏன் என்று தேடிப் பார்த்தேன். வெண்ணெயும் சர்க்கரையும் சேர்ந்து குழையும்போது, சர்க்கரைப் பரலின் முனைகள் வெண்ணெய்க்குள் பொடிப்பொடியாகக் காற்றை அடைக்கின்றன. பேக்கிங் பவுடர் புதிதாகக் குமிழி உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே அடைபட்ட குமிழியைத்தான் ஊதிப் பெரிதாக்குகிறது. உருகிய வெண்ணெயில் காற்று எப்படி நிற்கும்? அடுத்த முறை வெண்ணெய்க் கிண்ணத்தைப் பத்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தேன். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் பளபளக்கக் கூடாது. அடிக்க அடிக்க மஞ்சள் வெளுத்து, கிட்டத்தட்ட தயிர் நிறத்துக்கு வந்தது. இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தால் நறநறப்பு குறைந்திருந்தது. அன்று கேக் எழும்பியது. மிக்ஸில் செய்த கேக் அமுங்கினால் நீங்கள் என்ன செய்வீர்கள்? வேறு கம்பெனி பாக்கெட் வாங்குவீர்கள். ஏன் அமுங்கியது என்பது கடைசிவரை தெரியாது.

இன்னொன்று. அமெரிக்காவில் பெட்டி கிராக்கர், டங்கன் ஹைன்ஸ் இரண்டும் பேர் பெற்ற மிக்ஸ்கள். 18.25 அவுன்ஸ், அதாவது சுமார் 517 கிராம் இருந்த பாக்கெட் பிற்பாடு 15.25 அவுன்ஸ், சுமார் 432 கிராம் என்று இளைத்துவிட்டது. அங்கே எத்தனையோ பாட்டிகள் ‘ஒரு பாக்கெட் கேக் மிக்ஸ் எடுத்துக்கொள்ளவும்’ என்று குறிப்பு எழுதி வைத்திருந்தார்கள். அந்தக் குறிப்பில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, ஆனால் கேக் மாறிவிட்டது. பேத்தி என்ன தப்பு செய்தாள்? ஒரு குடும்பத்தின் கைப்பக்குவத்தைக் கம்பெனியின் தராசில் வைக்கலாமா, சொல்லுங்கள்!

எங்கள் வீட்டு நோட்டில் 200 கிராம் வெண்ணெய், 200 கிராம் சர்க்கரை, 200 கிராம் மைதா, 4 முட்டை, ஒன்றரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர் என்று எழுதியிருந்தேன். என் மாமியாருக்குக் கடை கேக் திகட்டும், ஒரு வாய்க்கு மேல் சாப்பிட மாட்டார். நான் செய்ததைச் சாப்பிட்டுப் பார்த்து, “இதுவும் கொஞ்சம் தூக்கலாத்தான் இருக்கும்மா” என்றார். சர்க்கரையை 150 கிராமாகக் குறைத்தேன். அதற்கும் கீழே போனால் கேக் வறண்டுவிடும், ஈரத்தைப் பிடித்து வைப்பது சர்க்கரைதான். மாவோடு கலந்து கிடக்கும் பாக்கெட் சர்க்கரையை நான் எப்படிப் பிரித்து எடுப்பது? அந்த நோட்டில் 200ஐ அடித்துவிட்டு, பென்சிலால் 150 என்று எழுதியிருப்பது மாமியார் கையெழுத்து.

நடுவர் அவர்களே, அந்த நோட்டின் பக்கம் தீர்ப்பு சொல்லுங்கள் என்று கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.