நோம்பி வீட்டில் புது விசுவாசி

நேயர்களுக்கு வணக்கமுங்க.

ஞானஸ்நானம் எடுத்த புதிதில் எல்லாம் சுலபமாகத்தான் தெரியும். ஊரில் பூச்சாட்டி, கம்பம் நட்டு, வீடு நிறைய ஒரம்பரை (விருந்துக்கு வரும் சொந்தபந்தம்) வந்து இறங்கும்போதுதான் இனி இந்த வீட்டில் எப்படி இருப்பது என்ற கேள்வி வரும். சிலர் நோம்பி, அதாவது ஊர்த் திருவிழா, முடியும்வரை ஊர்ப்பக்கம் தலைகாட்டுவதில்லை. சிலர் எதற்கு வம்பு என்று எல்லாவற்றிலும் கலந்துகொண்டு, அப்புறம் சபைக்குப் போகக் கூசி நின்றுவிடுகிறார்கள்.

கொரிந்து பட்டணத்துச் சபைக்கும் இதே சிக்கல் இருந்தது. அப்போஸ்தலர் பவுல் அவர்களுக்கு எழுதிய முதல் நிருபத்தில் (கடிதத்தில்), 8ஆம் அதிகாரத்திலும் 10ஆம் அதிகாரத்திலும் பதில் இருக்கிறது. படையல் பந்தியில் பங்கெடுக்க வேண்டாம். கடையில் விற்கிற கறியைத் துருவி விசாரிக்காமல் வாங்கலாம். விசுவாசியாதவர் விருந்துக்கு அழைத்தால் போய்ச் சாப்பிடலாம். ‘இது படைத்தது’ என்று ஒருவர் சொன்னால் மட்டும், சொன்னவருடைய மனச்சாட்சியை முன்னிட்டு விட்டுவிட வேண்டும்.

இதை நம்ம பக்கத்துக்குப் பொருத்திப் பாருங்க. கிடாவெட்டு என்றால் ஒரு வாரம் முன்னாலேயே அப்பாவிடமோ பெரியப்பாவிடமோ தனியாக உட்கார்ந்து, பூசையில் நிற்க மாட்டேன் என்று சொல்லிவிடுங்க. பந்தியில் நாலு பேர் முன்னால் இலையை மூடினால் அது அவர்களுக்குத் தலைகுனிவு. சண்டை அங்கேதான் பிடிக்கிறது. படைப்பதற்கு முன்பே தனியாகச் சோறும் ரசமும் எடுத்து வைக்கச் சொன்னால் அம்மா மறுக்கப் போவதில்லை. மற்றபடி வெங்காயம் உரிப்பது, தண்ணீர் சுமப்பது, ஒரம்பரைக்குப் பாய் விரிப்பது எதையும் விடாதீங்க. கலியாணத்துக்கு மொய் வைங்க. எழவு வீட்டுக்கு முதல் ஆளாகப் போங்க. சாமி கும்பிடாததைப் பொறுத்துக்கொள்கிற சொந்தம் எழவுக்கு வராததைப் பொறுக்காது.

அடுத்து, வேதாகம வாசிப்பு. ஆதியாகமத்தில் ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் லேவியராகமத்தில் நின்றுவிடுகிறார்கள். பலி முறைகளும் சுத்திகரிப்புச் சட்டங்களும் புதியவருக்குப் பிடிபடாது. அதனால் முதலில் இந்த மூன்றையும் படிங்க: மாற்கு 16 அதிகாரம், அப்போஸ்தலர் நடபடிகள் 28, முதலாம் பேதுரு 5. நாளைக்கு ஒன்று என்றால் 49 நாள், சரியாக ஏழு வாரம். ஓர் அதிகாரத்துக்குப் பத்து நிமிடம் போதும். தறிக்குடோனில் நைட் ஷிப்ட் பார்ப்பவரும் படிக்கலாம். விசுவாசியாத சொந்தத்தோடு ஒரே வீட்டில் இருப்பவருக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, பேதுருவின் 3ஆம் அதிகாரம் அவசியம்: பேச்சைவிட நடத்தை பேசட்டும் என்கிறார். பழைய மொழிபெயர்ப்பில் கிருபை, சுவிசேஷம், ஞானஸ்நானம் என்று வரும். பொது மொழிபெயர்ப்பில் அருள், நற்செய்தி, திருமுழுக்கு. முதலில் புரிகிறதை எடுங்க. சபையில் வாசிக்கும் மொழி தானாகப் பழகிவிடும்.

ஒற்றை அறை வீட்டில் சத்தமாக ஜெபித்துத் தூங்குபவர்களை எழுப்ப வேண்டியதில்லை. இயேசுவே இருட்டோடு எழுந்து வெளியே போய் ஜெபித்தார் என்று மாற்கு முதல் அதிகாரத்திலேயே இருக்கிறது.

காணிக்கை விஷயத்தில் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். வாரம்தோறும் அவரவர் வரவுக்குத் தக்கபடி எடுத்து வைக்கச் சொல்கிறார் பவுல். சனிக்கிழமை சம்பளம் வாங்கும் பனியன் கம்பெனிக்காரருக்கு இது தோதான முறை. ஆனால் அம்மாவின் மருந்துக் காசை எடுத்துக் காணிக்கை போடாதீங்க. ‘கொர்பான்’, அதாவது இது கடவுளுக்குக் காணிக்கை, என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிட்டவர்களை இயேசு கண்டித்தது மாற்கு 7இல் இருக்கிறது.

கடைசியாக, துணைக்கு ஒரு ஆள். மனம் மாறிய பவுலையே எருசலேம் சீஷர்கள் நம்பவில்லை. பர்னபா என்ற விசுவாசிதான் அவரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டார். பெண்ணுக்குப் பெண், ஆணுக்கு ஆண், நடந்து போகிற தூரத்தில் இருப்பவராகப் பாருங்க. ஆர்டர் நெருக்கடியில் ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனி ஓடி, நீங்கள் ஆராதனைக்கு வராத வாரம், ராத்திரி எட்டரை மணிக்கு மேல் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுகிறவராக அவர் இருக்கட்டும்.